ஒரு மூச்சு சொல்லும் செய்தி
(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு இருந்ததைப் பவுல் அப்போஸ்தலனின் நிருபத்திலிருந்து அறிகிறோம். இளம் போதகரின் வயிற்றைக் குறித்தும் அவர் அக்கறை கொண்டார். ஆகவே இன்று நான் வயிற்றைப் பற்றிப் பேசினால் ஆச்சரியப்படாதேயுங்கள்.

முதலில் என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து இந்த ஊழியத்துக்கு வந்த புதிது. 1987-ஆம் ஆண்டு ஆண்கள் வார்டில் ஒரு பஸ் கண்டக்டர் அல்சரோடு படுத்திருந்தார். வேளைக்குச் சாப்பாடு இல்லாத வேலை, மூன்று பெண்பிள்ளைகள், கடன். "கவலைதான் அண்ணாச்சி உங்க வியாதி. விசுவாசம் பெருகினா வயிறும் ஆறும்" என்றேன். அடுத்த வருஷம் மறுபடியும் வந்தார். "ஐயா, எனக்கு விசுவாசம் பத்தலை போலிருக்கு" என்றார். வயிற்று நோவோடு குற்ற உணர்வையும் அவர்மேல் நான் சுமத்தியிருந்தேன்.

அதற்கு முன்பே, 1982-இல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பையிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்திருந்தார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. மற்றவர்கள் நம்பாதபடியால் 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவர் இரைப்பை அழற்சி கண்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகளாலும் புண் வரும். ஆனாலும் அநேகருடைய புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமியே. நாட்பட்டால் சிலருக்கு இது இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழிசெய்யும்.

இதைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் குழாய் விட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் வந்து ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு கார்பன் 13 கலந்த யூரியாவைக் குடித்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். அந்தக் கார்பன் மூச்சில் வெளிப்படும். இது கதிர்வீச்சு இல்லாதது. மலப் பரிசோதனையாலும் கிருமியை அறியலாம். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் மருந்துகளை நான்கு வாரமும் முன்னதாக நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிப்பு. உடல் மெலிதல், இரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்கச் சிரமம், இரத்தசோகை இருந்தால் மூச்சுப் பரிசோதனை போதாது, எண்டாஸ்கோப்பி அவசியம்.

அன்பானவர்களே, கூலி வேலைக்குப் போகும் தாய்மார் குழாய் என்றதும் பயந்து எழுந்துபோய், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி வருஷங்களைக் கழிக்கிறார்கள். பையில் ஊதச் சொன்னால் உட்காருவார்கள். ஆனால் அதற்கும் பணம் வேண்டுமே. கிருமி உண்டென்று தெரிந்தால் இரண்டு வார மருந்து. அது போய்விட்டதா என்று அறிய நான்கு வாரமாவது கழித்து மறுபடியும் ஒரு பரிசோதனை. உங்கள் காணிக்கை அந்த இரண்டாம் பரிசோதனை வரைக்கும் அவர்களோடு நடக்கட்டும்.

அந்தக் கண்டக்டரைப் பிறகு நான் காணவில்லை. கண்டால் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்: "அண்ணாச்சி, குறை உங்க விசுவாசத்துல இல்லை. தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.