தலைக்கணக்கு வேண்டாம், வகுப்புக் கணக்கு வேண்டும்
(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் கூட்டத்தில் பாடசாலையை ஏன் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். இதுவும் சங்கப் பிரச்சினைதான். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைகளோ 1977 க்குப் பிறகுதான் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அவ்வளவு பிந்திக் கிடைத்ததை இன்று கணக்குக் காட்டிப் பறிக்கப் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். தரம் 1 முதல் 5 வரை உள்ள ஒரு பாடசாலையில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலையை எண்ணினால் இரண்டு ஆசிரியர் போதும் என்பார்கள். ஆனால் வகுப்பு ஐந்து. ஒருவர் வலயக் கூட்டத்துக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். தரம் 1 பிள்ளைக்கு 'அ' எழுதக் கைபிடிப்பதா, தரம் 5 பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வினாத்தாள் செய்விப்பதா?

படிப்பு நடக்கவில்லை என்று கண்டதும், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை டவுன் பாடசாலைக்கு மாற்றுகிறார்கள். தொகை குறைகிறது. தொகை குறைந்ததால் இருக்கும் ஆசிரியருக்கும் இடமாற்றம் வருகிறது. உரம் போடாமல் விட்டு, கொழுந்து இல்லை என்று மலையைக் காடாக்குவது நமக்குப் புதிதா?

பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். காலையில் தாய் மலைக்குப் போய்விடுவாள். ஆறு வயதுப் பிள்ளையை மழையில், தேயிலைக்கு நடுவே யார் கூட்டிப்போவது? கடைசியில் நின்றுபோவது அந்தப் பிள்ளையின் படிப்புத்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. ஆசிரியரை வகுப்பு எண்ணிக்கை பார்த்து நியமியுங்கள். பதில் ஆசிரியர் வந்து பொறுப்பேற்கும் வரை யாரையும் விடுவிக்காதீர்கள். பெற்றோரைக் கேட்காமல் எந்தப் பாடசாலையையும் மூடாதீர்கள்.

நமக்கும் வேலை உண்டு. ஐந்து வயதாகும் பிள்ளைகளின் பெயரை லயம் லயமாக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இப்போதே எடுத்துக் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம். பிள்ளைகள் இல்லை என்று சொல்பவர்களுக்கு அந்தப் பட்டியலே பதில்.