மின்பெட்டியை அளந்து வைப்போம்



வீடு கட்டுகிறவர்கள் தலைவாசலுக்கு எந்த மரம், கூடத்துக்கு எந்தத் தரை என்று பல நாள் ஆலோசிக்கிறார்கள். வீட்டின் மின்சாரம் முழுவதும் எந்தப் பெட்டியிலிருந்து பிரிந்து செல்கிறதோ, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. மின்பெட்டியை அளக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

ஏரி நீர் மதகின் வழியே வந்து, மடை மடையாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. மின்பெட்டியில் தலைமைச் சுவிட்சே மதகு, எம்.சி.பி. என்னும் சிறு சுவிட்சுகளே மடைகள். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுமானால், இவை தாமாகவே விழுந்து வழியை அடைத்துவிடும்.

ஆகவே இரண்டு வினாக்கள் எழுகின்றன. தலைமைச் சுவிட்சு எத்தனை ஆம்பியர் தாங்க வேண்டும்? பெட்டியில் எத்தனை இடங்கள் வேண்டும்?

நம் நாட்டில் ஒருமுனை இணைப்பின் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின் வாட் அளவை 230 ஆல் வகுத்தால், அது கொள்ளும் ஆம்பியர் ஏறத்தாழக் கிடைக்கும். நடுத்தரக் குடும்பம் ஒன்றைக் கருதுவோம். கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000, ஏ.சி. 1500, தண்ணீர் மோட்டார் 1000, இஸ்திரிப் பெட்டி 1000, விளக்குகளும் விசிறிகளும் 500, குளிர்பதனப் பெட்டி முதலியன 500. கூட்டினால் 8500 வாட். வகுத்தால் 37 ஆம்பியர்.

எல்லாம் ஒரே வேளையில் இயங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் காலை ஆறு மணியை நினைத்துப் பாருங்கள். கீசர், அடுப்பு, மோட்டார், விளக்கு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை சேர்ந்தால் 6000 வாட், அதாவது 26 ஆம்பியர். ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தால் 33 ஐத் தொடும். ஆகவே இவ்வீட்டிற்கு 32 போதாது. 40 ஆம்பியர் தலைமைச் சுவிட்சே தகும். மீட்டரிலிருந்து வரும் கம்பியும் அதைத் தாங்க வேண்டும். மின்வாரியம் அனுமதித்த மின்பளுவும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது ஏ.சி., மின்சாரக் கார் என்று தேவை பெருகுமானால், மும்முனை இணைப்பைப் பற்றி முன்னதாகவே விசாரிப்பது நன்று.

இனி இடங்களின் கணக்கு. விளக்கு விசிறிகளுக்கு இரண்டு, பிளக்குகளுக்கு இரண்டு, சமையலறை, கீசர், ஏ.சி., மோட்டார் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று; ஆக எட்டு. தலைமைச் சுவிட்சு இரண்டு இடம் கொள்ளும். ஆர்.சி.சி.பி. என்னும் காவற்கருவியும் இரண்டு இடம் கொள்ளும். மொத்தம் பன்னிரண்டு. வருங்காலத்திற்கு நான்கு இடம் ஒதுக்கிப் பதினாறு இடமுள்ள பெட்டியாக வாங்குவதே சிக்கனம். சுவரை இடித்து மறுபடியும் பெட்டி பதிப்பதற்கு ஆகும் செலவு பெரிது. கடையில் சொல்லும் எண்ணிக்கையில் தலைமைச் சுவிட்சின் இடமும் அடங்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி. வீண் செலவு என்று சிலர் தவிர்க்கிறார்கள். மனித இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் சிறு பகுதியே போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணரவே உணராது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றே அங்கே உயிர் காப்பது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

இறுதியாக, யாவரும் நினைவிற் கொள்ள வேண்டிய ஒன்று. எம்.சி.பி. காப்பது சாதனத்தை அன்று; சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியையே. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 என்பது வீடுகளில் வழங்கும் பொருத்தம். சுவிட்சு அடிக்கடி விழுகிறதென்று 16ஐ எடுத்துவிட்டு 32ஐ மாட்டினால், தொல்லை தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் சுவிட்சு அமைதியாக இருக்க, சுவருக்குள் கம்பி காய்ந்து, உறை உருகி, ஒரு நாள் தீயாக வெளிப்படும். அன்று பியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியவர்கள் செய்ததும் இதே பிழைதான். விழுகின்ற சுவிட்சு எச்சரிக்கிறது. அதன் வாயை அடைக்காமல், காரணத்தைத் தேடுங்கள். பளு மிகுதியானால் புதிய கம்பியும் தனி வழியும் போடச் சொல்லுங்கள்.

இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். ஆனால் கணக்கை நீங்களே போட்டு, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.