கூலிக்கு வேண்டிய படிப்பு மட்டும் போதுமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



"பையன் ஐ.டி.ஐ. படித்தால் மில்லில் பிட்டர் வேலை கிடைக்கும். சரித்திரமும் கவிதையும் சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையில் கேட்கிற கேள்வி. தொழிற்படிப்பு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள் என்று ஏழையின் பிள்ளைக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்? மில் முதலாளி தன் மகனுக்குத் தறி ஓட்ட மட்டுமா கற்றுக் கொடுக்கிறார்?

1953இல் ராஜாஜி சர்க்கார் சென்னை ராஜ்யத்துக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகக் குறைத்தது. மீதிப் பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. பண்ணையாள் மகனுக்கு ஏர், குயவர் மகனுக்குச் சக்கரம்! குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. எதிர்ப்பு மூண்டது. 1954இல் ராஜாஜி விலகி, காமராஜ் முதல் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் கேவலம் என்றா ஜனங்கள் எதிர்த்தார்கள்? இல்லை. பிறந்த அன்றே பிள்ளையின் அறிவுக்கு வேலி போடாதே என்றார்கள்.

இந்த வேலி நம் நாட்டில் மட்டும் இருந்ததல்ல. பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாங்குகிற கூலியிலிருந்து சில்லறைக் காசு பிடித்து, ஊருக்கு ஊர் சொந்தமாக வாசகசாலை கட்டினார்கள். 

டிரெடெகர் என்ற ஊரில் 1897இல் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர் அனூரின் பெவன். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். பேச்சிலே திக்கல் வேறு. அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் அந்த ஊர்த் தொழிலாளர் வாசகசாலைதான். அரசியல் புத்தகம் மட்டும் படித்தார் என்று எண்ணிவிடாதீர்கள். கதை, கவிதை, தத்துவம் எல்லாம் படித்தார். நாக்குத் தடுக்கும் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் தேடித் தேடி, சொற்களின் பண்டாரமே அவர் வசமாயிற்று. பிற்காலத்தில் பார்லிமெண்டைக் கிடுகிடுக்க வைத்த பேச்சாளர் இவர்!

1919இல் சுரங்கத் தொழிலாளர் சங்கமே செலவை ஏற்று, அவரை லண்டனிலிருந்த தொழிலாளர் கல்லூரிக்கு அனுப்பியது. கரி வெட்டும் வித்தை கற்கவா? அதுதான் அவருக்குத் தெரியுமே! பொருளாதாரமும் சரித்திரமும் படிக்க இரண்டு வருஷம்.

டிரெடெகர் தொழிலாளர்கள் கூலியில் காசு ஒதுக்கி வைத்திய உதவிச் சங்கமும் நடத்தினார்கள். சந்தா கட்டியவர் வீட்டில் யாருக்காவது நோய் என்றால் டாக்டர் வருவார். 1945இல் சுகாதார மந்திரியான பெவன் இந்த ஏற்பாட்டை மனதில் வைத்து, 1948 ஜூலை 5 முதல் பிரிட்டன் முழுவதற்கும் இலவச வைத்தியத்தைக் கொண்டுவந்தார். சுரங்க வேலையை மட்டும் கற்றிருந்தால் அவர் நல்ல சுரங்கத் தொழிலாளியாக இருந்திருப்பார். நம் ஊருக்குச் செய்ததை நாட்டுக்கே ஏன் செய்யக்கூடாது என்று கேட்கும் துணிவு, நாடு என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது என்று படித்ததால் வந்தது.

எல்லோரும் மந்திரியாகப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். நாற்று நட்டு முதுகு ஒடிந்து வந்தவள் இரவில் ஒரு நல்ல கதை கேட்டுச் சிரித்தால், அதற்குக் கூலிக் கணக்கு எதற்கு? அவள் மனுஷி, அந்தப் பாத்தியதை போதும்.

ஆகவே, சங்கக் கமிட்டித் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. சந்தாவில் ஒரு சிறு பங்கு வாசகசாலைக்கு என்று ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக வாரம் இரண்டு மாலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அலமாரியில் பிட்டர் பாடப் புத்தகம் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே நாவலும், நாட்டு சரித்திரமும், நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகமும் இருக்கட்டும். பெண்கள் வந்து உட்கார வசதியான நேரம் எது என்பதை மட்டும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.