அம்பா பாட ஆள் வேண்டும்



உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் முதலடி பாட, கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அதுதான் அம்பா. எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதற்கான தாளம் அது. பின்னர் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கத் தொடங்கியது; அதற்குப் பாட்டுத் தேவையில்லை. மூட்டுவலியோடு எம்மிடம் வரும் முதியவர்களிடம் வின்ச்சை விடுங்கள் என்று சொல்லவும் நமக்கு மனம் வராது.

ஊரின் தீமிதிப்புக்குத் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. அம்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்துகளை மேடையேற்றியதோடு நிற்கவில்லை. இளையோரைப் பயிற்றியது, போர் நடந்த 1990இல் ‘கலைமுகம்’ சஞ்சிகையைத் தொடங்கியது. நாமோ சரிகைச் சேலை கட்டி, பரிசளிப்பு விழாவில் ஐந்து நிமிடம் மீனவர் நடனம் ஆடினோம்! பாடத் தெரிந்த பெரியவர்களைப் பார்க்கக்கூட அழைப்பதில்லை.

அவர்களைப் பாடசாலைக்கு அழைப்போம். தொழிலை விட்டு வரும் நாளுக்குரிய கூலியைக் கொடுப்போம். பாட்டுகளை ஒலிப்பதிவு செய்வோம். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடியே பழகட்டும். கயிறு இல்லாமல் அந்தத் தாளம் மூச்சில் ஏறாது. நூற்றாண்டு நிதியின் முதல் ஒதுக்கீட்டை இதற்குக் கேட்கிறோம். ஒலிப்பதிவுக் கருவியின் செலவு எங்கள் வகுப்புத் தோழியருடையது.