எட்டு அரிசி, ஒரே பார்டர்: ஸ்லைடில் மாஸ்க் செய்த படங்கள்

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ரொம்ப சின்ன விஷயம். ஸ்லைடுல படத்தை வட்டமா மாஸ்க் பண்ணி, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பார்டர் போடுறது எப்படி? "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஒரு டெக்கைப் பத்திச் சொல்றேன்.

என் அத்தை பையன் திருவையாறு பக்கம் பாரம்பரிய அரிசி விக்கிறான். சென்னையில ஒரு கடைக்காரங்ககிட்ட பேச அவனுக்குப் பத்து நிமிஷம் கிடைச்சுது. கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, பூங்கார், காட்டுயானம், குள்ளக்கார், கிச்சிலி சம்பா, தூயமல்லி, சீரக சம்பான்னு எட்டு ரகம், எட்டு போட்டோ. "ஒரு தடவை பாத்துருங்கண்ணே"ன்னு டெக்கை எனக்கு அனுப்பியிருந்தான்.

கருப்பு கவுனிக்குத் தடிமனான பார்டர். பூங்காருக்கு மெல்லிசு. தூயமல்லிக்குப் பார்டரே இல்ல. அது வெள்ளை அரிசி, ஸ்லைடும் வெள்ளை. வட்டம் எங்க முடியுதுன்னே தெரியல. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? தடிச்ச பார்டர்னா உசத்தி ரகம், மெல்லிசுன்னா ரெண்டாம் தரம். கண்ணு அந்த வித்தியாசத்தை ஒரு தகவலாவே எடுத்துக்கும். அவன் சொல்லாத தரவரிசையை ஸ்லைடு சொல்லிடும்.

இது ஏன் நடக்குது? போன் ஆப்ல பார்டர் போட்டு, அந்தப் படத்தை ஸ்லைடுக்குள்ள கொண்டுவந்ததால. அப்போ பார்டரும் படத்தோட பிக்ஸல் ஆயிடுது. 2000 பிக்ஸல் அகலப் படத்துல 20 பிக்ஸல் பார்டர்னு வெச்சுக்கோங்க. ஸ்லைடுல 10 சென்டிமீட்டருக்கு வெச்சா பார்டர் 1 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டருக்குச் சுருக்கினா அரை மில்லிமீட்டர். பவர்பாயிண்ட்டோ கூகுள் ஸ்லைட்ஸோ, அதுக்குள்ளயே பார்டர் போட்டா அந்தப் பிரச்சினை இல்ல. 2.25 பாயிண்ட்னு குடுத்தா, படத்தை எவ்வளவு சுருக்கினாலும் பார்டர் 2.25 பாயிண்ட்டாவே நிக்கும். அதனால போட்டோவுல பார்டரைச் சுடாதீங்க, ஸ்லைடுல போடுங்க.

நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்ச பெரிய கோயில் விமானச் சுவரைப் பாருங்க. ரெண்டு அடுக்கா கோஷ்டங்கள் இருக்கும். மாடம் சுவரோட பாகம், அரைத்தூணும் சுவரோட பாகம். உள்ள இருக்கிற சிற்பம்தான் மாறும். அதே வேலையைத்தான் நாம ஸ்லைட் மாஸ்டர்கிட்ட குடுக்கப்போறோம்.

பவர்பாயிண்ட்ல வ்யூ, ஸ்லைட் மாஸ்டர் போங்க. புது லேஅவுட்ல பிக்சர் பிளேஸ்ஹோல்டர் ஒண்ணு வரைங்க. அகலமும் உயரமும் ஒரே அளவு இருக்கட்டும், இல்லன்னா வட்டம் முட்டை ஆயிடும். எடிட் ஷேப்ல போய் ஓவலா மாத்துங்க. அவுட்லைன்ல கலரும் 2.25 பாயிண்ட்டும் குடுங்க. இனி அதுக்குள்ள போடுற ஒவ்வொரு படமும் அதே வட்டம், அதே பார்டரோட வந்து உக்காரும். எட்டு ரகம்னா கையாலயே சமாளிச்சுடலாம். ஆனா நெல் ஜெயராமன் மீட்ட ரகங்கள் மட்டும் 170-க்கு மேல. அத்தனைக்கும் கையால பார்டர் போடுவீங்களா?

கூகுள் ஸ்லைட்ஸ்னா இன்னொரு வழி. எல்லாப் படத்தையும் முதல்ல சதுரமா வெட்டிக்கோங்க. க்ராப் பட்டன் பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறியில ஓவல் மாஸ்க் எடுத்து, பார்டர் வெயிட், பார்டர் கலர் குடுங்க. அப்புறம் அந்த ஒரு படத்தையே காப்பி பண்ணி, ரீப்ளேஸ் இமேஜ் மூலமா உள்ள இருக்கிற படத்தை மட்டும் மாத்துங்க.

கலர்? வெள்ளை பார்டர் வெள்ளை ஸ்லைடுல காணாமப்போயிடும். கறுப்பு பார்டர் கவுனியோட ஒட்டிக்கும். நடுத்தரமான பழுப்பு, ரெண்டு பக்கமும் தெரியும்.

வட்டம் வேணாம், முனை மழுங்கின செவ்வகம் வேணும்னா ஒண்ணு கவனிங்க. பவர்பாயிண்ட்ல அந்த வளைவு, குட்டைப் பக்கத்தோட விகிதத்துல போகும், சாதாரணமா ஆறுல ஒரு பங்கு. 6 சென்டிமீட்டர் படத்துக்கு 1 சென்டிமீட்டர் வளைவுன்னா, 3 சென்டிமீட்டர் படத்துக்குப் பாதிதான். பார்டர் ஒண்ணா இருந்தாலும் முனை வேற வேற மாதிரி தெரியும். படங்களை ஒரே அளவுல வைக்கிறதுதான் சுலபம்.

கடைசியா, மாஸ்க் பண்ற ஆசையில படத்தை இஷ்டத்துக்கு ஜூம் பண்ணிடாதீங்க. சீரக சம்பாவோட அடையாளமே அது சீரகம் மாதிரி பொடிசா இருக்கிறதுதான். வட்டத்தை நிரப்புறேன்னு பெருசாக்கினா அதுவும் காட்டுயானமும் ஒரே சைஸாத் தெரியும், வாங்குறவங்க ஏமாந்துபோவாங்க. எட்டையும் ஒரே உயரத்துல இருந்து போட்டோ எடுங்க, ஒரே அளவுக்கு ஜூம் பண்ணுங்க. பார்டர் எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கட்டும். அரிசி அது அது இருக்கிற மாதிரியே தெரியட்டும்.

உங்க டெக்ல இந்த மாதிரி ஏதாவது உறுத்துதுன்னா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.