காலிக் கல்லும் உலக சரித்திரமும்

(மன்றத்தின் பொது அறிவு வகுப்பிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



"உலக சரித்திரத்திற் பொது அறிவு" என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் ஆண்டுகளைச் சொல்லி முடிப்பதென்றால், அகத்தியர் கடலை அள்ளிக் குடித்த கதையாகவே முடியும். எனக்கு அவருடைய உள்ளங்கை வாய்க்கவில்லை. ஆகையால் ஒரேயொரு கல்லை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றேன். அந்தக் கல் இருக்கும் இடம் கொட்டாஞ்சேனையிலிருந்து தூரமன்று. கறுவாத் தோட்டத்திலே, 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையில் அஃது இருக்கின்றது.

நமது வினாவிடைப் போட்டிகளில் "மூன்று எழுத்துக்களில் எழுதப்பட்ட புகழ்பெற்ற கல் எது?" என்று கேட்டால், கடைசி வரிசையிலிருக்கும் சிறுவனும் "றோசெற்றாக் கல்" என்று உடனே எழுந்து சொல்லிவிடுவான். அது 1799இல் எகிப்திற் கண்டெடுக்கப்பட்டதும், 1822இல் சம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் துணைகொண்டு சித்திர எழுத்துக்களின் மர்மத்தை அவிழ்த்ததும், இன்று அது இலண்டனில் இருப்பதும் அவனுக்கு மனப்பாடம். மிகவும் நன்று. ஆனால் "மும்மொழிக் கல்லொன்று உன் ஊரிலேயே இருக்கின்றதே, பார்த்தாயா?" என்று கேட்டால் விழிக்கின்றான். அவன்மேற் குறை சொல்வதற்கில்லை. சரித்திரம் என்றால் அது வேறெங்கோ நடந்தது என்றே நாம் அவனுக்குக் கற்பித்து வந்திருக்கின்றோம்.

1911ஆம் ஆண்டிலே காலி நகரத்தில் கிறிப்ஸ் வீதியருகே, மதகொன்றை மூடிய கல்லாக, எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்தபடி ஒரு கற்பலகை கிடந்தது. அவ்வழியே சென்ற பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் அது பட்டது. ஏறக்குறைய நாலடி ஒன்பது அங்குல உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலப் பருமன். தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கப்பட்டு, அதில் இரண்டு யாளிப் பாம்புகள், அதாவது சீனர் தங்கள் அரசனுக்கு அடையாளமாகக் கொள்ளும் பறவைநாகங்கள், எதிரெதிரே நிற்கின்றன. கீழே மூன்று மொழிகள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம்.

இதனை இங்கே நாட்டுவித்தவர் சீனத்து மிங் வமிசச் சக்கரவர்த்தி யுங்லோ. கொண்டுவந்தவர் அவருடைய கடற்படைத் தலைவர் செங் ஹோ. கல்லிற் குறித்த காலம் 1409ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம். சீனாவிலேயே பொறிக்கப்பட்டு, கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது என்பது அறிஞர்களின் கருத்து.

இனி, இக்கல்லின் அருமை எதிலே இருக்கின்றது என்று பாருங்கள். றோசெற்றாக் கல்லிலே ஒரே அரசாணை மூன்று வகை எழுத்துக்களிற் சொல்லப்படுகின்றது. பாரசீகத்திலே பெகிஸ்தூன் மலையில் தாரியசு மன்னன் வெட்டுவித்த மும்மொழிச் சாசனமும் அவ்வாறே. அவனுடைய வெற்றிகளையே மூன்று மொழிகளும் பாடுகின்றன. காலிக் கல்லோ அப்படியன்று. சீனப் பகுதி புத்தபகவானைப் போற்றி அவருக்குக் காணிக்கை செலுத்துகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினார் என்னும் தெய்வத்தைப் போற்றி அத்தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிக்குரியது. ஒரே அரசன், ஒரே கல், மூன்று வணக்கங்கள்! காணிக்கைப் பட்டியல்களோ ஏறக்குறைய ஒரே அளவின. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு வகைகள், நறுமணப் பொருட்கள், விளக்குகள், எண்ணெய், மெழுகுதிரி என்று அவை செல்லுகின்றன. ஒரு பந்தியில் மூவரை இருத்தி மூவருக்கும் ஒரே அளவாகப் பரிமாறியதுபோலச் செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. சீனச் சக்கரவர்த்தியின் கல்லிலே தமிழ் எப்படி வந்தது? எழுதியவர் யார்? அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சீனத்திற் தமிழர் இருந்தமைக்கு வேறு சான்று உண்டு. தென்சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டுச் சித்திரையிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கின்றது. மங்கோலிய மன்னன் குப்ளாய் கான் சீனத்தை ஆண்ட காலம் அது. அவ்வூரிற் சிவாலயம் இருந்ததை அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. அக்கோயிலைச் சேர்ந்த சிற்பங்கள் பலவும் அங்கே உள்ளன. மார்க்கோ போலோ "சைத்தூன்" என்று வியந்து பேசும் துறைமுகம் அதுவே. அதற்கும் முந்திச் சுமாத்திராவிலே பாருஸ் என்னும் இடத்தில், 1088ஆம் ஆண்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிலே கல்வெட்டு நாட்டினர். மேற்கே பார்த்தால், செங்கடற் கரையிலுள்ள பழைய எகிப்தியத் துறைமுகங்களிலே, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் அகப்பட்டிருக்கின்றன. அரசர்கள் எழுதுவித்தவையல்ல அவை. கப்பலிலே பானை கொண்டுபோனவன் தன் பானையில் எழுதிக்கொண்டது! எனக்கு ஆயிரம் மெய்க்கீர்த்திகளிலும் அந்த ஓடு பெரிதாகத் தோன்றுகின்றது.

ஆகவே செங்கடலிலிருந்து சீனக் கடல்வரை சென்ற நீர்வழியிலே தமிழ் ஒரு துறைமுகப் பாஷையாய் இருந்தது. பாரசீகம் இன்னொன்று. காலிக் கல்லின் மொழிகள் இவற்றால் விளங்குகின்றன. இக்கல் உழவனை நோக்கியோ அரண்மனையை நோக்கியோ பேசவில்லை. துறைமுகத்தில் வந்திறங்கும் வணிகனை நோக்கியே பேசுகின்றது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. "பாருங்கள், கல்லிலே தமிழ் இருக்கின்றது, சிங்களம் இல்லை" என்று மார்தட்டும் நண்பர்களைக் கண்டிருக்கின்றேன். இக்கல்லைப்பற்றிப் பேசவே விரும்பாத மற்றப் பக்கத்தாரையும் கண்டிருக்கின்றேன். இருவரும் கல்லை முழுதும் படிக்கவில்லை. காலியிலே தமிழ் எழுதப்பட்டமை தென்னிலங்கைத் துறைகளிலே தமிழ் வழங்கியதற்குச் சாட்சி. அதற்குமேல் அந்தக் கல்லைக்கொண்டு காணியுறுதி எழுத முடியாது. பாரசீகமுந்தான் இருக்கின்றது, அதனால் காலி பாரசீகருடையது ஆகிவிடுமா?

தெனாவரை நாயினார் யார் என்பதிலும் இப்படியே. மாத்தறைக்கு அப்பால், இலங்கையின் தென்கோடியிலே, தேவிநுவரை என்றும் தெவிநுவர என்றும் வழங்கும் ஊரே தெனாவரை. தமிழ்ப் பகுதியை ஆராய்ந்து வெளியிட்ட கலாநிதி செனரத் பரணவிதான, அத்தெய்வம் திருமாலின் வடிவாகப் போற்றப்படுகின்றது என்று காட்டினார். சிங்கள மக்கள் அங்கு உபுல்வன் தெய்யோவை வணங்கினர். நம்மவரிற் பலர் அதே பதியைத் தொண்டீச்சரம் எனச் சிவதலமாக நினைவுகூருவர். 1344இல் அங்கே வந்த மொறொக்கோ நாட்டு முஸ்லிம் யாத்திரிகர் இபுனு பதூதா, ஆளளவு பொன் விக்கிரகத்தையும், இரவிலே விளக்குப்போல ஒளிர்ந்த அதன் மாணிக்கக் கண்களையும், ஆயிரம்வரை பிராமணரும் யோகியரும் அங்கிருந்ததையும், இரவெல்லாம் ஆடிப்பாடிய ஐந்நூறு பெண்களையும் குறித்திருக்கின்றார். அவ்வூரின் வருமானம் முழுதும் அத்தெய்வத்துக்கே உரியதாம். இத்தனை பேரும் தத்தம் தெய்வத்தை ஒரே வாயிலிற் கண்டிருக்கலாம் என்று நினைப்பதிலே எனக்கு யாதொரு வருத்தமுமில்லை. 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலைக் கொள்ளையிட்டு இடித்தனர். இடிபட்டபோது அது எல்லாருடையதாகவும் இடிபட்டது.

இபுனு பதூதாவைப்பற்றி இன்னுமொன்று. அவரைப் புத்தளத்திலே வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. நமது யாழ்ப்பாணத்து அரசர் பாரசீகம் அறிந்தவராய் அவரோடு உரையாடினார் என்றும், பாதமலைக்குப் போகப் பல்லக்கும், நான்கு யோகியரும், மூன்று பிராமணரும், சுமைகாரரும் கொடுத்தனுப்பினார் என்றும் அவர் எழுதுகின்றார். சிவனொளிபாத மலைக்கு ஒரு முஸ்லிம் யாத்திரிகரை ஓர் இந்து அரசர் பிராமணர் துணையோடு வழியனுப்புகின்றார்! கொழும்பையும் அவர் விட்டுவிடவில்லை. இத்தீவின் அழகிய பெரிய நகரங்களில் ஒன்று என்று சொல்லிச் செல்லுகின்றார்.

இனிய பக்கத்தை மாத்திரம் சொல்லி நிறுத்தினால் அது சரித்திரமாகாது. செங் ஹோ 1405 தொடக்கம் 1433 வரை ஏழுமுறை கடலோடினார். முதற் பயணத்திற் சென்றவர் தொகை 27,000க்கு மேல் என்று சீன ஏடுகள் கூறும். காணிக்கை செலுத்த மாத்திரம் இருபத்தேழாயிரம் பேர் வேண்டியதில்லை. காலிக் கல்லில் எழுதிய தேதிக்கு இரண்டாண்டின்பின், 1411இல், இலங்கையிலே போர் மூண்டது. செங் ஹோ தலைநகருட் புகுந்து, அரசனையும் குடும்பத்தாரையும் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். சிறைப்பட்டவன் அழகக்கோனார் குடியினனான வீர அளகேசுவரன் என்று சரித்திராசிரியர் பெரும்பாலும் கொள்வர். சக்கரவர்த்தி பின்னர் அவனை விடுவித்தார் என்பது உண்மை. ஆனால் அரசுரிமையை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த அழகக்கோனார் குடியும் வஞ்சி நகரிலிருந்து இங்கு வந்ததாகவே கருதப்படுகின்றது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியை எதிர்க்கக் கோட்டையைக் கட்டியவரும் அக்குடியினரே. யார் தமிழர், யார் சிங்களவர் என்று இன்றைய கோடுகளை அந்நாளிலே கீறப் புறப்பட்டால் கோல் முறிந்துபோகும்.

2013 முதல் நமது துறைமுகத்திலே சீனக் கம்பெனியொன்று பெரும்பங்கு கொண்ட இறங்குதுறை இயங்கிவருகின்றது. மேடைகளிலே செங் ஹோவின் பெயர் சமாதானத் தூதராக அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. அப்படிக் கேட்கும்போது 1409ஐயும் நினையுங்கள், 1411ஐயும் நினையுங்கள். போர்த்துக்கேயரை நினைக்கும்போது 1588ஐ நாம் மறப்பதில்லை அல்லவா?

சீனரோடு நமக்குள்ள பழக்கம் இதனினும் பழையது. செங் ஹோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பாகியன் என்னும் சீனத் துறவி ஏடுகளைத் தேடி அநுராதபுரம் வந்தார். அபயகிரி விகாரையிலே வணிகனொருவன் புத்தர் சிலையின்முன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்தான். அது சீனத்து விசிறி. ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட அத்துறவி, அதைக் கண்டு கண்ணீர் வடித்தாராம். பரீட்சைக்கு இது வராது. ஆயினும் பாகியன் பெயரை மறவாமலிருக்க இந்த விசிறியே எனக்கு உதவிற்று.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வழி சொல்லுகின்றேன். ஓர் ஆண்டை எடுத்து, உலகத்தைச் சுற்றிப் பாருங்கள். 1409ஐயே எடுப்போம். விசயநகரத்தில் முதலாம் தேவராயர் ஆட்சி. தைமூர் இறந்து நான்காண்டு. இத்தாலியிலே பீசா நகரிற் கூடிய சபையின் பயனாக, ஒரே காலத்தில் மூவர் பாப்பரசர் பதவிக்கு உரிமை கோரினர். பிரான்சின் யோவான் இன்னும் பிறக்கவில்லை. அச்சு யந்திரம் ஐரோப்பாவுக்கு வரவில்லை. கொலம்பசு புறப்பட இன்னும் எண்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தன. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே செங் ஹோவின் பயணங்கள் முடிந்து, சீனர் அக்கடலை விட்டு நீங்கிவிட்டனர். வெற்றிடமாய்க் கிடந்த கடலிலேதான் போர்த்துக்கேயர் வந்தார்கள் என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. குசராத்தியரும் அராபியரும் தமிழரும் மலாயரும் அங்கே ஓடிக்கொண்டுதானிருந்தார்கள். பீரங்கி ஏற்றிய அரசாங்கக் கப்பல்தான் அவர்களிடம் இல்லை.

நூதனசாலைக்குச் செல்பவர்கள் கல்லின் இடப்புற மேற்பகுதியிலே தமிழைத் தேடுங்கள். எழுத்து நெருக்கமாயும் சிலவிடங்களில் தேய்ந்தும் இருக்கும்; முதற் பார்வையில் ஒன்றும் புலப்படாது. சற்றே பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். பாரசீகப் பகுதி இன்னும் மோசமாகத் தேய்ந்துள்ளது. குழுவாகச் செல்வதற்குச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒழுங்கு செய்வதாகச் சொல்லியிருக்கின்றார். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் அவரிடம் கொடுக்கலாம், பெரியோர்களும் வரலாம்.