மேடை ஏறாத நடனம்



மனம் புண்பட்டவர்களுக்கு நடனத்தின் வழியாக அளிக்கப்படும் சிகிச்சையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நடனம் என்றதும் நமக்குச் சலங்கையும் அரங்கேற்றமும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போகும் நடனத்திலோ ஒப்பனை கிடையாது, பாராட்ட வந்து உட்காரும் சபையும் கிடையாது. இதைத் தெளிவுபடுத்துவது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன். ஏனெனில், இந்தப் பணிக்கு மனமுவந்து பொருளுதவி செய்பவர்களே, அறியாமல் இதற்கு இடையூறாகிவிடுவதும் உண்டு.

அடி, உதை, பாலியல் கொடுமை, போர், விபத்து ஆகியவற்றுக்கு ஆளானவர்களிடம், "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் ஆபத்து வந்தபோது நடந்ததை உடலும் அல்லவா கற்றுக்கொண்டது? எதிர்த்து நில், அல்லது ஓடு. இரண்டும் முடியாவிட்டால் உறைந்து போ. உடல் அறிந்த வழிகள் இவை. ஆபத்து நீங்கிய பிறகும் சிலருக்கு அந்த எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கதவு சாத்தப்படும் ஓசை கேட்டால் நெஞ்சு படபடக்கும். யாராவது பின்னால் வந்து நின்றால் தோள் இறுகும். தாம் இப்போது பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அவர்களின் அறிவுக்குத் தெரியும். தோளுக்கும் நெஞ்சுக்கும் அது போய்ச் சேரவில்லை. அதனால்தான் அறிவுரை மட்டும் போதுவதில்லை.

இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நடனமணி மரியன் சேஸ் அம்மையார். 1942ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் அவர் பணி தொடங்கினார். மனநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. பேச்சே அற்றுப்போன நோயாளிகளுக்கு எதிரே நின்று, அவர்கள் கையை எப்படி அசைத்தார்களோ அப்படியே தாமும் அசைப்பார். "உன்னை நான் பார்க்கிறேன்" என்பதை வாய் திறவாமல் சொல்லும் முறை அது. 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தி என்ற நடனக் கலைஞர், சமூகவியல் படித்தவர், ஆட்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் தங்கியிருந்த இல்லத்தில் பணியாற்றத் தொடங்கி, 2004இல் கொல்கத்தா சன்வேத் என்ற அமைப்பை நிறுவினார். விற்கப்பட்ட பெண் தன் உடலையே வெறுக்கிறாள். அந்த உடல் தனக்கே உரியது என்று அவள் மீண்டும் உணர வேண்டும் என்பதே அந்தப் பணியின் நோக்கம். மீட்கப்பட்ட பெண்களில் சிலர் பின்னர் தாங்களே பயிற்சி பெற்று, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களாக உயர்ந்திருக்கிறார்கள். மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்துடன் சேர்ந்து இதற்கென ஒரு பட்டயப் படிப்பையும் அவ்வமைப்பு நடத்தியுள்ளது. தானம் வாங்கியவர் தானம் தருபவராக மாறுவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். நான் கண்ட ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். பத்து வயது இருக்கும். முதல் ஐந்து வாரங்கள் சுவரை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்று, பாதம் தரையில் பதிவதை உணர்ந்து, மூச்சை மெல்ல வெளியே விடுவார்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். இது மந்திரம் அல்ல, உடலின் இயல்பு. பிறகு ஒருவர் சிறு மேளம் தட்டுவார். ஆறாவது வாரம் அவளுடைய கால் பெருவிரல் அந்தத் தாளத்துக்கு அசைந்தது. சிகிச்சையாளர் எட்டத்தில் அமர்ந்தபடியே தம் பெருவிரலையும் அசைத்தார். அவள் நிறுத்தினாள், அவரும் நிறுத்தினார். அவள் வேகமாக அசைத்தாள். அவரும் அப்படியே செய்தார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள்.

இதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். அன்பர்களே, தான் "நிறுத்து" என்றால் எதிரே இருப்பவர் நிறுத்துவார் என்பதை அவள் வாழ்க்கையில் அறிந்ததில்லை. அன்று அறிந்தாள். இந்த வகுப்பில் அனுமதி கேட்காமல் யாரும் யாரையும் தொடக்கூடாது. கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்துவதில்லை. முத்திரை தவறினால் திருத்துவதும் இல்லை. தவறு என்றே ஒன்று அங்கே கிடையாது. நாட்டிய ஆசிரியைகள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

சாமி வந்து ஆடுவதும் இதுவும் ஒன்றா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒன்றல்ல. அருள் வந்து ஆடுவது பக்தியின் பாற்பட்டது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் கொடுமைக்கு ஆளான பலர், துன்பம் தாங்காமல் தம்மை மறந்து எங்கோ போய்விடப் பழகியவர்கள். அவர்களைத் தன்னினைவோடு இங்கே, இந்தத் தரைக்கு, மெல்ல அழைத்து வர வேண்டியிருக்கிறது. பிள்ளை வெறித்துப் பார்க்கிறது, இரவில் அலறுகிறது என்றால் கோயிலுக்கு அழைத்து வாருங்கள், திருநீறு இடுங்கள். அதே வாரத்தில் மருத்துவரிடமும் கொண்டு செல்லுங்கள்.

எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று பெருமை பேசவும் எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சிகிச்சை மருத்துவமனைகளில் உழைத்தவர்கள் உருவாக்கியது. ஆயினும் ஆடும் பெருமானின் அபயகரம் "அஞ்சேல்" என்று காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சுவரோரப் பிள்ளைதான் எனக்கு நினைவுக்கு வருகிறாள்.

இதனால் எல்லா மனநோயும் தீருமா? அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கலைகளையும் உடல்நலத்தையும் பற்றிய 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகளால் நன்மை உண்டு என்றே தெரிவித்தது. ஆனால் மனச்சோர்வுக்கு நடன சிகிச்சை பயன் தருகிறதா என்று 2015இல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தபோது, தகுதியான ஆய்வுகள் 3 மட்டுமே கிடைத்தன. அவற்றில் பங்கேற்றவர்கள் 147 பேர். உறுதியாக எதையும் சொல்ல அது போதவில்லை. எனவே மருத்துவரின் மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டு இதற்கு வரக்கூடாது. அவற்றோடு சேர்த்துத்தான் இது.

இனி, கொடையாளர்களிடம் என் வேண்டுகோள். உடைக்கும் நகைக்கும் பணம் தர வேண்டாம். முறையாகப் பயின்ற சிகிச்சையாளர் ஒருவருக்கு ஊதியம் வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு அல்ல, ஓர் ஆண்டுக்காவது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் இந்தப் பிள்ளைகள் மறுபடியும் சுவரோரம் போய்விடுவார்கள். தொண்டூழியர்களின் அன்பு பெரிது. ஆனால் பயிற்சியில்லாத அன்பு இந்தக் காயத்தைக் கிளறிவிடக்கூடும்.

இன்னொன்று, சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டட்டும், கொடுத்தவர்கள் மனம் குளிரும் என்று யாரும் கேட்காதீர்கள். இந்த மலரில் அவர்கள் படத்தையும் போடாதீர்கள். பின்னாளில் ஒரு பெண் தானாக விரும்பி மேடையேறினால் அது வேறு. அன்று முதல் வரிசையில் நான் இருப்பேன். மற்றவர்கள் பார்த்து மகிழ்வதற்காகத் தன் உடலை அசைக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்துதானே அந்தப் பிள்ளையை மீட்கப் பார்க்கிறோம்?

நம் மண்டபம் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் காலியாக இருப்பதாகச் செயலாளர் சொன்னார். நல்ல தரை, காற்றோட்டமும் உண்டு. வாரந்தோறும் அதே நாள், அதே நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். கல்யாணத்துக்கு வாடகை வருகிறது என்று இடையில் மாற்றிவிடக்கூடாது. சன்னல்களுக்குத் திரை வேண்டும். பின்கதவுப் பூட்டு இறுகிப்போயிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்; எந்தப் பிள்ளையும் விரும்பிய நேரத்தில் உள்ளிருந்து திறந்து வெளியே போக முடிய வேண்டும்.